கனமான பழைய கார் பாகங்களைக் குறைந்த செலவில் அனுப்பி கோர் பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ரீபில்ட் செய்த ஆல்டர்னேட்டர், காலிப்பர், ஸ்டியரிங் ராக், டிரான்ஸ்மிஷன் போன்றவற்றை ஆன்லைனில் வாங்கினால், விலையோடு சேர்த்து ‘கோர்’ என்று ஒரு தொகையையும் பிடித்துக்கொள்கிறார்கள். பழைய பாகம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பணம் திரும்பும். அந்தப் பழைய பாகத்தையும் கோர் என்றே சொல்கிறார்கள். அனுப்பும் செலவு பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான். கவுன்டரில் கொண்டுபோய் வைத்தால் கேட்கிற கட்டணத்தில் கோர் பணத்தில் பாதி காணாமல் போகிறது. இதைவிட மலிவான வழி உண்டா?

உண்டு. 20 பவுண்டுக்குள் இருக்கும் அடக்கமான பாகம் என்றால் தபால் துறையின் கன அளவுக் கட்டணம், அதாவது எடைக்கு அல்லாமல் பெட்டியின் பருமனுக்கான கட்டணம். கைக்கு அடக்கமாக இருந்தும் கனக்கிற இரும்பைத் தொலைதூரம் அனுப்ப, தூரம் எதுவானாலும் ஒரே கட்டணம் உள்ள ஃபிளாட் ரேட் பெட்டி. அதற்கு மேல், சுமார் 100 பவுண்டு வரை, ஆன்லைனில் எடுத்த லேபிளோடு யு.பி.எஸ் அல்லது ஃபெடெக்ஸ் கிரவுண்ட். டிரான்ஸ்மிஷன், எஞ்சின் என்றால் பேலட்டில் (சரக்கு ஏற்றும் அடிப்பலகையில்) கட்டி லாரி சரக்காக. ஆனால் எந்த கம்பெனியில் அனுப்புவது என்பதைவிட, பெட்டியின் அளவும் பாகத்தின் நிலையும்தான் உங்கள் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை முடிவு செய்கின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அனுப்பத்தான் வேண்டுமா?

முதலில் இன்வாய்ஸை முழுதாகப் படியுங்கள். டிரான்ஸ்மிஷன், எஞ்சின், டீசல் இன்ஜெக்டர் செட் போன்ற விலை கூடிய பொருட்களுக்குப் பல விற்பனையாளர்கள் திருப்பி அனுப்பும் செலவை ஏற்கெனவே விலையில் சேர்த்திருப்பார்கள். லேபிள் பெட்டிக்குள்ளேயே மடித்துக் கிடக்கும், அல்லது போன் செய்தால் லாரி அனுப்புவார்கள். இதைப் பார்க்காமல் சொந்தக் காசைக் கட்டி அனுப்புகிறவர்கள் ஏராளம். ஆட்டோஸோன், ஓ'ரைலி, அட்வான்ஸ், நாப்பா மாதிரிக் கிளைகள் உள்ள கடைகளின் இணையதளத்தில் வாங்கியிருந்தால், பழைய பாகத்தைப் பக்கத்துக் கிளையிலேயே கொடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும். ரசீதையும் எடுத்துப் போங்கள். லெட் ஆசிட் பேட்டரியின் கோரைப் பார்சலில் அனுப்ப நினைக்கவே வேண்டாம். அமிலம் உள்ள பொருள் என்பதால் அதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. கடையில் கொடுப்பதுதான் ஒரே புத்திசாலித்தனம்.

அடுத்து கணக்கு. கோர் தொகையிலிருந்து அனுப்பும் கட்டணம், பெட்டி, டேப் எல்லாவற்றையும் கழியுங்கள். உதாரணத்துக்கு, கோர் 40 டாலர், அனுப்ப 27, பெட்டிக்கும் டேப்புக்கும் 5 என்றால் மிஞ்சுவது 8 டாலர். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் ரீபில்ட் செய்கிற உள்ளூர் பட்டறை ஒன்று இருந்தால், அதே பாகத்துக்கு அவர்கள் 10 டாலர் கொடுத்தாலும் லாபம்தான். மாறாக, டீசல் பிக்கப்பின் டர்போவுக்கோ இன்ஜெக்டர் செட்டுக்கோ கோர் தொகை பல நூறு டாலர் இருக்கும். அங்கே அனுப்பாமல் விடுவதுதான் நஷ்டம்.

மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் பழைய பாகம் கோராக ஏற்கப்படுமா? ரீபில்ட் செய்கிறவருக்கு வேண்டியது ஓடுகிற பாகம் அல்ல, திரும்பக் கட்டி எழுப்பக்கூடிய உடல். ஆல்டர்னேட்டர் கரன்ட் தராவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் அலுமினிய உறையில் விரிசல், உடைந்த மவுன்டிங் காது, தீயில் கருகிய தடம், பிரித்துப் போட்டுப் பாதி காணாமல் போன உட்பாகங்கள், இவற்றில் ஒன்று இருந்தாலும் தொகையைக் குறைப்பார்கள் அல்லது மறுப்பார்கள். காலிப்பரில் பிஸ்டன் இறுகியிருந்தால் பொதுவாக ஏற்பார்கள். உடலே வெடித்திருந்தால் மாட்டார்கள். புதிய பாகம் பிராக்கெட்டோடு வந்திருந்தால் பழையதும் பிராக்கெட்டோடு போக வேண்டும். புல்லியோடு வந்திருந்தால் புல்லியோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றொன்றாக ஒப்பிடுங்கள். மறுக்கப்பட்ட கோருக்குக் கட்டிய கட்டணம் முழுதும் வீண். சில விற்பனையாளர்கள் அதைத் திருப்பி அனுப்பவும் காசு கேட்பார்கள்.

கட்டணம் எங்கே ஏறுகிறது

யு.பி.எஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் பெட்டியின் உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில் போடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 139-ஆல் வகுத்தால் கன அளவு எடை. 15 பவுண்டு ஆல்டர்னேட்டரை 16 x 14 x 12 பெட்டியில் போட்டால் 2,688 கன அங்குலம், வகுத்தால் 19.3, மேலே முழுமையாக்கி 20 பவுண்டுக்குக் கட்ட வேண்டும். அதையே 12 x 10 x 9 பெட்டியில் அடக்கினால் கன அளவு எடை 8 தான் வரும். அப்போது பெட்டியும் பேக்கிங்கும் சேர்த்த உண்மை எடை, அதாவது 16 பவுண்டு, கணக்கில் வரும். அளவெடுக்கும்போது கால் அங்குலம் கூடினாலும் அடுத்த முழு அங்குலமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து இரண்டு கம்பெனிகளும் இதைக் கடுமையாக்கிவிட்டன. ஆகவே பக்கம் புடைத்த பெட்டி வேண்டாம்.

இன்னும் பெரிய அடி கூடுதல் கையாளல் கட்டணம். இரண்டு எல்லைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: எடை 50 பவுண்டு, நீளம் 48 அங்குலம். இதில் எதைத் தாண்டினாலும் சாதாரணக் கட்டணத்தின் மேல் ஒரு கனமான தொகை ஏறும். இரண்டாவது நீளமான பக்கம் 30 அங்குலத்தைத் தாண்டினாலும் அப்படித்தான். ஸ்டியரிங் ராக்கை அனுப்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ராக் 25 பவுண்டுதான் இருக்கும், ஆனால் 50 அங்குலப் பெட்டியில் போட்டால் நீள எல்லையைத் தாண்டிவிடும். விற்பனையாளர் அனுமதித்தால் வெளி டை ராட் முனைகளைக் கழற்றி 46, 47 அங்குலப் பெட்டிக்குள் கொண்டுவந்துவிடலாம். புதிய ராக் டை ராட் முனைகள் இல்லாமல் வந்திருந்தால் அவை கோருக்குத் தேவையே இல்லை.

52 பவுண்டு பெட்டி ஒன்று கையில் இருந்தால் எடையைக் குறைக்க வழி பாருங்கள். இரண்டு சிலிண்டர் ஹெட் போன்ற ஜோடிகளை ஒரே 90 பவுண்டு பெட்டியில் போடுவதைவிட 45 பவுண்டாக இரண்டு பெட்டியில் போடுவது பல நேரம் மலிவு, பேக்கிங்கும் உறுதியாக இருக்கும். இரண்டு விதமாகவும் கட்டணம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கிரவுண்ட் சேவையில் ஒரு பெட்டியின் உச்ச எடை 150 பவுண்டு. அந்த அளவுக்குப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. 100 பவுண்டைத் தாண்டிய பெட்டி தூக்கப்படுவதில்லை, உருட்டப்படுகிறது.

லேபிளைக் கவுன்டரில் வாங்காதீர்கள். அதே பெட்டிக்கு கவுன்டர் விலைக்கும் ஆன்லைன் வணிக விலைக்கும் இடைவெளி பெரிது. பைரேட் ஷிப் போன்ற தளங்களில் மாதக் கட்டணம் இல்லாமல் தபால் துறை, யு.பி.எஸ் இரண்டின் தள்ளுபடி விலையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். எடையை உண்மையாகப் போடுங்கள். குளியலறைத் தராசில் நீங்கள் ஒருமுறை நின்று, பிறகு பெட்டியோடு நின்று வித்தியாசம் எடுத்தால் போதும், ஆனால் ஒரு பவுண்டு கூட்டிப் போடுங்கள். குறைத்துப் போட்டால் அவர்கள் இயந்திரம் கண்டுபிடித்து வித்தியாசத்தைப் பின்னால் பிடித்துக்கொள்ளும், சில நேரம் திருத்தக் கட்டணமும் சேரும்.

தபால் துறை எப்போது ஜெயிக்கும்

யு.எஸ்.பி.எஸ், அதாவது அமெரிக்கத் தபால் துறையின் ஃபிளாட் ரேட் பெட்டியில் உள்நாட்டுக்கு 70 பவுண்டு வரை ஒரே கட்டணம், எவ்வளவு தூரமானாலும். பெட்டி இலவசம். நடுத்தரப் பெட்டியின் உள்ளளவு 11 x 8½ x 5½ அங்குலம். சாதாரணக் காரின் காலிப்பர் ஒன்று, சிறிய ஸ்டார்ட்டர், இன்ஜெக்டர் செட் இதில் அடங்கும். பெரிய பெட்டி 12 x 12 x 5½. மூடியின் மடிப்புகள் இயல்பான இடத்தில் சேர வேண்டும். பெட்டியை வெட்டி ஒட்டிப் பெரிதாக்கக் கூடாது. மேலே டேப் சுற்றி உறுதியாக்கலாம். இந்த அட்டை மெல்லியது, அதுதான் இதன் பலவீனம். உள்ளே சரியான அளவில் வெட்டிய நெளி அட்டையை ஆறு பக்கமும் வைத்துவிட்டுத்தான் இரும்பை வைக்க வேண்டும். இல்லையென்றால் காலிப்பரின் மூலை இரண்டாவது கன்வேயரிலேயே வெளியே எட்டிப் பார்க்கும்.

ஃபிளாட் ரேட் எப்போதும் மலிவு என்று நினைப்பது தவறு. பக்கத்து மாநிலத்துக்கு 8 பவுண்டு காலிப்பர் அனுப்ப, தபால் துறையின் சாதாரணப் பார்சல் சேவையான கிரவுண்ட் அட்வான்டேஜ் குறைவாக வரலாம். நாட்டின் மறு கோடிக்கு 25 பவுண்டு என்றால் ஃபிளாட் ரேட்டை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கன அளவுக் கட்டணம்: எடை 20 பவுண்டுக்குள், எந்தப் பக்கமும் 18 அங்குலத்துக்கு மேல் இல்லை, கன அளவு அரை கன அடிக்குள் என்றால், எடையைப் பார்க்காமல் பெட்டியின் பருமனுக்கும் தூரத்துக்கும் மட்டும் கட்டணம். அரை கன அடி என்றால் 864 கன அங்குலம், அதாவது 12 x 9 x 8 பெட்டி. 9 x 8 x 6 பெட்டி கால் கன அடி. ஒரு காலிப்பருக்கு இது தாராளம். கவுன்டரில் இந்தக் கட்டணம் கிடைக்காது, ஆன்லைன் தளங்களில்தான் வரும். கனமான சிறு பாகத்துக்கு இவ்வளவு பொருத்தமான கட்டணம் வேறில்லை, ஆனால் கோர் அனுப்புகிறவர்களில் பலருக்கு இது இருப்பதே தெரியாது.

கிரவுண்ட் அட்வான்டேஜில் 70 பவுண்டு வரை எடுத்தாலும், 22 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 கன அடிக்கு மேல் பருமனோ இருந்தால் தனிக் கூடுதல் கட்டணம் உண்டு. ஆகவே சி.வி ஆக்ஸில், ராக் போன்ற நீளமானவற்றுக்கு யு.பி.எஸ் விலையையும் பாருங்கள்.

பேக்கிங்

புதிய பாகம் வந்த பெட்டியும் உள் அச்சும்தான் மிகச் சிறந்த பேக்கிங். காசு மிச்சம் என்பதோடு, பல விற்பனையாளர்கள் அந்தப் பெட்டியில் வர வேண்டும் என்றே நிபந்தனை வைக்கிறார்கள். அதனால் புதியதைத் திறக்கும்போதே டேப்பை மட்டும் வெட்டுங்கள், அட்டையைக் கிழிக்காதீர்கள். பழைய லேபிள், பார்கோடு எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள் அல்லது கறுப்பாக அடித்துவிடுங்கள். இரண்டு பார்கோடு இருந்தால் பெட்டி உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும்.

அந்தப் பெட்டி போய்விட்டதென்றால், அட்டைப் பெட்டியின் அடிமடிப்பில் அச்சிட்டிருக்கும் வட்ட முத்திரையைப் பாருங்கள். 32 ஈ.சி.டி (அட்டையின் விளிம்பு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற அளவு) பெட்டியில் 65 பவுண்டு என்று போட்டிருக்கும். அது எடை சமமாகப் பரவிய பொருளுக்கு. ஒரே புள்ளியில் அழுத்தும் உலோகத்துக்கு 30 பவுண்டுக்கு மேல் போனால் 48 ஈ.சி.டி இரட்டைச் சுவர் பெட்டி வாங்குங்கள். உள்ளே தெர்மோகோல் மணிகளோ குமிழ் ஷீட்டோ மட்டும் போட்டால், கனமான பாகம் அவற்றை நசுக்கிக்கொண்டு அடியில் போய் உட்காரும். நெளி அட்டையை மடித்து இறுக்கமாகத் திணிப்பது, கெட்டி ஃபோம், அல்லது ப்ளைவுட் துண்டு ஒன்றில் பாகத்தையே போல்ட் போட்டு இறுக்கி அந்த ப்ளைவுட்டைப் பெட்டியின் அடியில் பொருத்துவது, இவைதான் நிற்கும். பெட்டியை மூடிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே அசைந்தால் பிரித்து மறுபடி செய்யுங்கள். கூர்மையான ஸ்டட், ஷாஃப்ட் முனைகளுக்கு ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகலாம். டேப்பை நடுவில் ஒரு கோடாக அல்ல, நடு இணைப்பிலும் இரண்டு ஓரங்களிலுமாக மேலும் கீழும் ஒட்டுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் சமரசம் வேண்டாம். பெட்டி கசிந்தால் கம்பெனி அதை வழியிலேயே நிறுத்தும், சுத்தம் செய்த செலவைக் கேட்கும், சில நேரம் பார்சலையே அழித்துவிடும். கோர் பணமும் போச்சு. ராக், பவர் ஸ்டியரிங் பம்ப், காலிப்பர், டர்போ எல்லாவற்றையும் துளை கீழ்நோக்கி ஒரு இரவு வடிய விடுங்கள். ராக்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சில முறை தள்ளி இழுத்தால் சிலிண்டரில் தேங்கியதும் வெளியே வரும். எல்லாத் துளைக்கும் புதிய பாகத்தில் வந்த பிளாஸ்டிக் மூடிகளையே போடுங்கள். பிறகு குறைந்தது 4 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமான பாலித்தீன் பையில் உறிஞ்சும் துணியோடு வைத்துக் கட்டி, அதன் மேல் இன்னொரு பை. ஏ.சி கம்ப்ரசரைப் பொறுத்தவரை, கேஸைக் காற்றில் விடுவது சட்டவிரோதம்; இயந்திரம் வைத்து எடுத்த பிறகே கழற்ற வேண்டும். மூடியும் கட்டாயம், ஈரம் புகுந்தால் உள்ளே துரு ஏறும்.

ஏர்பேக், சீட் பெல்ட் இறுக்கி, எரிபொருள் ஆவி நிற்கும் டேங்க், ஹைபிரிட் பேட்டரி போன்றவை ஆபத்துப் பொருள் விதிகளுக்குள் வருகின்றன. எரிவாயு அடைத்த ஷாக் அப்சார்பருக்கும் தனி விதி உண்டு. இவற்றைச் சாதாரணப் பார்சலாக மறைத்து அனுப்பாதீர்கள். கோரை எப்படி அனுப்புவது என்று விற்பனையாளரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேலட்

ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் 150 முதல் 250 பவுண்டு இருக்கும். இதற்கு எல்.டி.எல், அதாவது பலருடைய சரக்கை ஒரே லாரியில் ஏற்றும் சேவைதான். ஃப்ரைட்கோட், யுஷிப் போன்ற இடங்களில் பல கம்பெனிகளின் விலையை ஒரே இடத்தில் பார்க்கலாம். விலையை ஏற்றுபவை மூன்று: வீட்டு முகவரியில் எடுக்கச் சொல்வது, லிஃப்ட்கேட் (லாரியின் பின்னால் உள்ள தூக்குப் பலகை) கேட்பது, சரக்கு வகுப்பை (கட்டணத்தைத் தீர்மானிக்கும் எண்) தவறாகப் போடுவது. முதல் இரண்டையும் தவிர்க்க, பிக்கப்பில் ஏற்றி கம்பெனியின் டெர்மினலுக்கே கொண்டுபோய் இறக்குங்கள். ஃபோர்க்லிஃப்ட் அங்கே இருக்கும். அல்லது பாகத்தை மாற்றிக் கொடுத்த பட்டறையின் முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள், அது வணிக முகவரி.

வகுப்பு இப்போது பெரும்பாலும் அடர்த்தியைப் பார்த்துத்தான். பேலட்டோடு சேர்த்து அளவெடுங்கள். 48 x 40 x 30 அங்குலம் என்றால் 57,600 கன அங்குலம். 1,728-ஆல் வகுத்தால் 33.3 கன அடி. எடை 250 பவுண்டு என்றால் கன அடிக்கு 7.5 பவுண்டு, அது வகுப்பு 125. அதே டிரான்ஸ்மிஷனை 36 x 30 பேலட்டில் 24 அங்குல உயரத்தில் கட்டினால் 15 கன அடி, அடர்த்தி 16.7, வகுப்பு 70. அதே இரும்புதான், ஆனால் இரண்டாவது பில் கணிசமாகக் குறையும். பேலட்டை விட்டு எதுவும் வெளியே நீட்டக் கூடாது.

டார்க் கன்வர்ட்டரில் பல குவார்ட் எண்ணெய் தங்கியிருக்கும். தனியாக எடுத்துக் கவிழ்த்து ஒரு நாள் வடிய விடுங்கள். பிறகு திரும்பப் பொருத்தி, முன்னால் நழுவாதபடி பெல் ஹவுசிங்கின் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை போல்ட் போடுங்கள். புதியது வந்த கிரேட் (கனரகப் பெட்டி) இருந்தால் அதிலேயே வையுங்கள், பல நிறுவனங்கள் அந்தக் கிரேட்டுக்கும் தனி டெபாசிட் வாங்கியிருப்பார்கள். கட்டுவதற்கு உலோகப் பட்டை அல்லது பாலியஸ்டர் பட்டை, குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு. பிளாஸ்டிக் ஃபிலிம் மட்டும் பாரத்தைப் பிடிக்காது. பழைய பாகங்களுக்கு லாரி கம்பெனிகள் ஏற்கும் பொறுப்பு பவுண்டுக்கு மிகச் சிறிய தொகைதான். எனவே 800, 1,000 டாலர் கோர் என்றால் தனிக் காப்பீட்டு விலையையும் கேட்டுப் பாருங்கள்.

தாள்கள்

பெட்டிக்குள் இன்வாய்ஸ் நகலும் திருப்பும் அனுமதி எண்ணும் போகட்டும். எண் பெட்டியின் வெளியிலும் தெரியட்டும். ஒரே விற்பனையாளருக்கு இரண்டு கோரை ஒரே பெட்டியில் அனுப்பினால் செலவு குறையும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித் தாளைக் கம்பியால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றுக்குத்தான் பணம் வரும். மூடுவதற்கு முன் பாகத்தின் நான்கு பக்கமும், எண் பொறித்த தகடும், பேக்கிங்கும் தெரிகிறாற்போல் படம் எடுங்கள். மறுப்பு வந்தால் பேச அதுதான் ஆதாரம்.

கெடு தேதி பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது, பொருத்திய நாளிலிருந்து அல்ல. பெட்டி அவர்கள் கிடங்கைச் சேர வேண்டிய தேதியா, நீங்கள் அனுப்ப வேண்டிய தேதியா என்பதையும் பாருங்கள். கிரவுண்ட் சேவையில் நாட்டின் மறு கோடிக்கு ஒரு வேலை வாரம் போகும். பணம் கட்டிய கார்டு இடையில் மாறியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தபால் துறையின் ஃபிளாட் ரேட், கிரவுண்ட் அட்வான்டேஜ் இரண்டிலும், யு.பி.எஸ், ஃபெடெக்ஸிலும் 100 டாலர் வரை பொறுப்பு கட்டணத்திலேயே அடங்கும். கோர் அதற்கு மேல் என்றால் மீதிக்கு மதிப்பைக் காட்டுங்கள். டெலிவரி காட்டி இரண்டு வாரம் ஆகியும் பணம் வராவிட்டால் டிராக்கிங் எண்ணையும் படங்களையும் இணைத்து எழுதுங்கள். பெட்டி கிடங்கில் ஆர்டரோடு பொருத்தப்படாமல் கிடப்பதுதான் பெரும்பாலும் காரணம், எண்ணைப் பார்த்ததும் தேடி எடுத்துவிடுவார்கள்.